வள்ளுவர் சொல்லாத அரண்

உலகப் போர் தொடங்கியதற்கு விழா எடுத்த நாடு ஒன்று உண்டு. சுவிட்சர்லாந்து 1939-இல் தன் படையைத் திரட்டியதன் ஐம்பதாவது ஆண்டை 1989-இல் ‘வைரம்’ என்று பெயர் சூட்டிக் கொண்டாடியது. போர் முடிந்த நாளைக் கொண்டாடுவதுதான் ஊர் வழக்கம். ஆனால் முடிந்ததைக் கொண்டாடப் போனால், முடிகிற வரைக்கும் நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்று யாராவது கேட்டுத் தொலைப்பார்கள். தொடக்கத்தில் அந்தத் தொல்லை இல்லை. தொடக்கத்தில் எல்லாரும் வீரர்கள்தான். அதே ஆண்டு நவம்பரில், இந்தப் படையே வேண்டாமென்று ஒரு மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவர்கள் ‘ஆமாம், வேண்டாம்’ என்று வாக்களித்தார்கள். வைரத்தில் கீறல் விழுந்த கதை அது.

சின்ன நாடு, சண்டைக்குப் போகாத நாடு, நான்கு பக்கமும் சண்டைக்காரர்கள். அப்படிப்பட்ட நாடு போர்க்காலத்தில் தன்னை எப்படிக் காத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டால் உலகம் முழுக்க ஒரே பதில்தான்: சுவிட்சர்லாந்தைப் பார். நானும் அதையே சொல்கிறேன். கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள்.

கதையின் அட்டைப்படம் அழகானது. 1939 ஆகஸ்ட் 30 அன்று நாடாளுமன்றம் ஹென்றி கீசானைத் தளபதியாகத் தேர்ந்தெடுத்தது. 42 லட்சம் மக்கள் வாழ்ந்த நாட்டில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் துப்பாக்கி தூக்கினார்கள். அடுத்த ஜூனில் பிரான்ஸ் விழுந்தது. சுற்றிலும் ஜெர்மனியும் இத்தாலியும் அவற்றுக்குத் தலையாட்டும் பிரான்சும் மட்டுமே மிச்சம். ஜூலை 25 அன்று கீசான் தன் உயர் அதிகாரிகளையெல்லாம் ஒரே நீராவிக் கப்பலில் ஏற்றிக்கொண்டு லூசெர்ன் ஏரியைக் கடந்து ரூட்லி புல்வெளிக்குப் போனார். 1291-இல் அங்கே செய்த சத்தியத்தில்தான் நாடு பிறந்தது என்பது அவர்களுடைய ஐதிகம். ஒரே ஒரு குண்டு சரியாக விழுந்திருந்தால் ஒட்டுமொத்தத் தலைமையும் ஏரியில் மூழ்கியிருக்கும். ஜெர்மன்காரனுக்கு அது தோன்றாமல் போனதும் ஐதிகத்தின் மகிமைதான்.

புல்வெளியில் தளபதி அறிவித்த திட்டம் இது: படை ஆல்ப்ஸ் மலைக்குள் பின்வாங்கும். சர்கான்ஸ், கோட்ஹார்ட், சாங் மோரீஸ் ஆகிய மூன்று கோட்டைகளுக்கு நடுவே நின்று கடைசிவரை போராடும். சரி, சூரிச், பாசல், பெர்ன், ஜெனீவா? அவை சமவெளியில் இருக்கின்றன. தொழிற்சாலைகள்? சமவெளியில். வீரர்களின் பெண்டாட்டி பிள்ளைகள், அப்பா அம்மா? சமவெளியில்தான். மக்களைக் காக்கப் படை வைத்துக்கொள்வது பழைய பாணி. படையைக் காக்க மலை, மலையைக் காக்கப் படை, மக்களைக் காக்கக் கடவுள் என்பது கீசான் பாணி. அதற்குள் பெரும்பாலான வீரர்களை வீட்டுக்கு அனுப்பியாயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆலைகளில் வேலைக்கு ஆள் வேண்டுமல்லவா? என்ன வேலை, யாருக்காக என்பதற்குப் பிறகு வருவோம்.

மலைக்குள் பீரங்கிக்கு அறை குடைந்தார்கள். வாயிலைக் கொட்டகை போலவும் மரவீடு போலவும் வேஷம் கட்டினார்கள். ஜன்னலும் திரைச்சீலையும்கூட வர்ணத்தில் வரைந்தது. நம் சினிமாக்காரர்கள் அந்தப் புல்வெளிகளுக்குப் போய் எத்தனையோ டூயட் எடுத்துத் திரும்பியிருக்கிறார்கள். கதாநாயகி சாய்ந்து நின்ற கொட்டகைக்குள் பீரங்கி இருந்திருக்கலாம். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. நாட்டின் பெரிய திறமையே அதுதான், முகப்பைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வராது.

இந்தத் திட்டத்தை முட்டாள்தனம் என்று நான் சொல்லவில்லை. அதற்குள் ஒரு கெட்டிக்காரத்தனம் இருந்தது. கோட்ஹார்ட், சிம்ப்ளான் ரயில் சுரங்கங்களில் வெடிமருந்து வைத்துவிட்டு, ‘உள்ளே வந்தால் தகர்த்துவிடுவோம்’ என்றார்கள். ஜெர்மனியின் நிலக்கரி அந்த வழியாகத்தான் இத்தாலிக்குப் போய்க்கொண்டிருந்தது. மிரட்டல் பலித்தது. ஏன் பலித்தது? அந்தச் சுரங்கம் அன்றாடம் எதிரிக்கு ஊழியம் செய்துகொண்டிருந்ததால் பலித்தது. ஊழியம் நின்றுபோன சுரங்கத்தைத் தகர்ப்பதாக மிரட்டினால் எவன் பயப்படுவான்?

வள்ளுவர் ‘அரண்’ அதிகாரத்தில் நாட்டுக்கு வேண்டிய அரண்களைக் கணக்கிடும்போது நீர், வெட்டவெளி நிலம், மலை, காடு என்று நான்கோடு நிறுத்திக்கொண்டார். பாவம், கல்லாப்பெட்டியைப் பார்த்தவரில்லை. எதிரி உன்னை விழுங்காமல் இருக்க வேண்டுமானால் எதிரிக்கு நீ அவசியமாக இரு. இந்த ஐந்தாம் அரணைக் கண்டுபிடித்த பெருமை பெர்ன் நகரத்து மந்திரிகளுக்கும் சூரிச் வங்கியாளர்களுக்கும் போகட்டும்.

தொடக்கத்தில் அவர்களுக்கும் ரோஷம் இருந்தது. 1940 மே, ஜூன் மாதங்களில் எல்லை மீறி வந்த ஜெர்மன் விமானங்களில் 11-ஐ சுவிஸ் விமானிகள் சுட்டு வீழ்த்தினார்கள். அவர்கள் ஓட்டியது ஜெர்மனியிடமே காசு கொடுத்து வாங்கிய மெஸ்ஸர்ஷ்மிட் விமானங்கள் என்பது கூடுதல் ருசி. ஜெர்மன் விமானப்படையின் தலைவர் கோரிங் கொதித்தார். பெர்லினிலிருந்து மிரட்டல் கடிதம் வந்தது. உடனே பெர்ன் ஞானம் பெற்றது. வானத்தில் சண்டை நிறுத்தப்பட்டது, பிடித்து வைத்திருந்த ஜெர்மன் விமானிகள் விடுவிக்கப்பட்டார்கள், அரசு வருத்தமும் தெரிவித்தது. உயிரைக் கொடுத்த சுவிஸ் விமானிகளிடம் யாரும் வருத்தம் தெரிவித்ததாகத் தெரியவில்லை. அவர்களிடமிருந்து மிரட்டல் கடிதம் வராது.

பிறகு விளக்கு. பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானங்கள் இரவில் சுவிஸ் நகரங்களின் வெளிச்சத்தைப் பார்த்து வழி கண்டுபிடிக்கின்றன என்று ஜெர்மனி முணுமுணுத்தது. 1940 நவம்பரில் நாடு முழுவதும் இருட்டடிப்பு. 1944 செப்டம்பர் வரை, இரவு வந்தால் கருந்துணி. ஒரு தரப்பு இருட்டு கேட்டது, இருட்டு கிடைத்தது. இதற்குப் பெயர் நடுநிலை. விலாங்கு பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் என்பார்கள். இந்த விலாங்கு 1940 கோடையிலிருந்து பாம்பின் பக்கமே திரும்பிப் படுத்திருந்தது. மீனுக்கு வால் காட்டவும் 1944 வரை அதற்கு நேரமில்லை.

இனி கல்லாவுக்கு வருவோம். சங்கதி இங்கேதான் இருக்கிறது.

ஜெர்மனிக்குப் போர்த்துகலின் வுல்ஃப்ரம் (டங்ஸ்டன் தாது) வேண்டும், ஸ்பெயினின் தாதுக்கள் வேண்டும். ஜெர்மன் மார்க்கை எவனும் கையால் தொடமாட்டான். ஜெர்மனியிடம் தங்கம் இருந்தது, ஆனால் அது பெல்ஜியத்திலும் ஹாலந்திலும் அடித்த கொள்ளை என்பது ஊரறிந்த விஷயம். கொள்ளைத் தங்கத்தை வாங்க லிஸ்பனில் உள்ளவர்களுக்கே கை கூசியது. சூரிச்சுக்குக் கூசவில்லை. சுவிஸ் தேசிய வங்கி ஜெர்மனியின் மத்திய வங்கியிடமிருந்து சுமார் 120 கோடி ஃபிராங்க் மதிப்புள்ள தங்கத்தை வாங்கிக்கொண்டு, உலகில் எல்லாரும் மதிக்கும் சுவிஸ் ஃபிராங்கை எண்ணிக் கொடுத்தது. பெல்ஜியத்தின் தங்கத்தை ஜெர்மானியர்கள் உருக்கி, போருக்கு முந்தைய ஆண்டை முத்திரை குத்தி அனுப்பினார்கள். திருட்டுச் சங்கிலியை உருக்கி விற்பதை நம்மூர் அடகுக்கடைக்காரன்கூட முகம் பார்த்துக் கண்டுபிடிப்பான். தேசிய வங்கிக்கும் தெரிந்தே இருந்தது என்று சுவிஸ் அரசே பிற்பாடு அமைத்த பெர்ஜியே ஆணையம் எழுதி வைத்திருக்கிறது. போர் முடிந்ததும் 1946-இல் வாஷிங்டனில் உட்கார்ந்து பேசி, 25 கோடி ஃபிராங்கைத் திருப்பிக் கொடுத்தார்கள். திருப்பிக் கொடுத்தார்கள் என்று சொல்லக் கூடாதாம். ஐரோப்பாவின் மறுசீரமைப்புக்குத் தாமாக முன்வந்து அளித்த நன்கொடையாம் அது. திருடனிடம் வாங்கிய பொருளில் ஐந்தில் ஒரு பங்கைப் பறிகொடுத்தவனிடம் நீட்டி, கூடவே கொடைவள்ளல் பட்டமும் வாங்கிக்கொண்ட வித்தையை வேறெங்கும் பார்க்க முடியாது.

போதாதா? ஜெர்மனி சரக்கு வாங்கக் கடனும் கொடுத்தார்கள். போர் முடியும்போது அந்தக் கணக்கில் நின்ற பாக்கி 110 கோடி ஃபிராங்க். அதாவது வாங்குபவனுக்கு நீயே பணம் கொடுத்து, அவன் அந்தப் பணத்தில் உன்னிடம் பீரங்கி வாங்கி, அந்தப் பீரங்கியால் உன் பக்கத்து வீட்டுக்காரனைச் சுட, நீ இரவில் விளக்கையும் அணைத்துக் கொடுப்பது. பாசலில் இருந்த பன்னாட்டுத் தீர்வு வங்கி இன்னும் ஒரு படி மேலே. அதற்குத் தலைவர் ஓர் அமெரிக்கர், தாமஸ் மெக்கிட்ரிக். இயக்குநர் குழுவில் ஜெர்மன் மத்திய வங்கியின் துணைத் தலைவர் எமில் பூல், பிற்பாடு போர்க்குற்ற வழக்கில் தண்டனை பெற்றவர். வெளியே இரண்டு தேசத்துப் பிள்ளைகளும் ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருக்க, ஜெர்மனியின் வட்டி தவணை தவறாமல் வந்துகொண்டிருந்தது. போர் என்பது ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு நேர்வது, வட்டிக்கு நேர்வதில்லை.

சூரிச்சின் ஓர்லிகான் பகுதியில் எமில் ப்யூர்லே என்பவருக்கு ஆயுதத் தொழிற்சாலை. அவருடைய 20 மில்லிமீட்டர் பீரங்கி உலகப் புகழ் பெற்றது. பிரான்சும் பிரிட்டனும் வாடிக்கையாளர்களாக இருந்தன. 1940 கோடைக்குப் பிறகு வழி அடைபட்டதால், சரக்கு ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் போனது. உரிமம் பெற்று அதே பீரங்கியை நேசநாடுகள் தங்கள் ஊரில் செய்துகொண்டன. வானத்தில் ஒருவன் சுட, கடலில் ஒருவன் சுட, இரண்டு பக்கமும் ஓர்லிகான். ஔவை தொண்டைமானின் ஆயுதக் கொட்டிலுக்குப் போய், பீலி அணிந்து நெய் பூசிப் பளபளக்கும் வேல்களைப் புகழ்வதுபோல் இகழ்ந்தாள். சுவிட்சர்லாந்தில் அவளுக்கு வேலை இன்னும் சுலபம். சொந்தக் கொட்டிலில் இருந்தவை பளபளத்தன. விற்றவைதான் ஊரெங்கும் நுனி முறிந்து கிடந்தன.

ப்யூர்லே நாட்டின் மிகப்பெரிய பணக்காரர் ஆனார். செசான், ரெனுவார், வான்கோ என்று வாங்கிக் குவித்தார். யூதர்களிடமிருந்து பறிக்கப்பட்ட ஓவியங்களும் அதில் இருந்தன. போருக்குப் பின் நீதிமன்றம் சிலவற்றைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது, கொடுத்தார். அவற்றில் பலவற்றை மறுபடியும் உரியவர்களிடமே விலைக்கு வாங்கினார். 2021-இல் சூரிச் கலைக்கூடம் புதுக் கட்டடம் கட்டி அவருடைய தொகுப்பை மாட்டியது.

இதே காலத்தில் எர்ன்ஸ்ட் எஸ். என்று வரலாற்றில் பதிவான ஒரு படைவீரனும் ஜெர்மனிக்குச் சரக்கு விற்றான். 23 வயது, வறுமையில் வளர்ந்தவன். விற்றது சில குண்டுகளும் சில வரைபடங்களும். 1942 நவம்பரில் சக வீரர்களின் துப்பாக்கியாலேயே அவனைச் சுட்டுக் கொன்றார்கள். தேசத்துரோகத்துக்காகப் போர்க்காலத்தில் இப்படிச் சுடப்பட்டவர்கள் 17 பேர். 1970-களில் நிக்லாவுஸ் மைன்பெர்க் என்ற இதழாளர் இவன் கதையைத் தோண்டி எடுத்து, சின்ன விற்பனையாளனையும் பெரிய விற்பனையாளர்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் காட்டியபோது நாடே அவர்மேல் பாய்ந்தது. கோபத்துக்குக் காரணம் புரிகிறது. எர்ன்ஸ்ட் செய்த குற்றம் ஜெர்மனிக்கு விற்றது இல்லை, ரசீது இல்லாமல் விற்றது.

இதுவரை சிரித்துக்கொண்டே சொல்ல முடிந்தது. இனி முடியாது.

1938-இல் ஆஸ்திரியாவை ஹிட்லர் விழுங்கியதும் யூதர்கள் சுவிஸ் எல்லைக்கு ஓடி வந்தார்கள். எல்லாரிடமும் ஒரே ஜெர்மன் கடவுச்சீட்டு, யார் யூதர் என்று எல்லைக் காவலனுக்கு எப்படித் தெரியும்? வெளிநாட்டவர் காவல்துறைத் தலைவர் ஹைன்ரிக் ரோத்முண்ட் காலத்தில் பெர்ன் பெர்லினோடு பேசியது. அந்த செப்டம்பரில் உடன்பாடு வந்தது: யூதர்களின் கடவுச்சீட்டில் ‘ஜே’ என்ற எழுத்து முத்திரையாக விழும். எல்லைக் காவலனின் சிரமம் தீர்ந்தது. உள்ளே வந்தவர்களுக்குச் சோறு போடும் செலவைத் தொடக்க ஆண்டுகளில் சுமார் 18,000 பேரே இருந்த சுவிஸ் யூத சமூகத்தின் தலையிலேயே கட்டினார்கள். தங்கத்தை வாங்கக் காசு இருந்தது, கஞ்சிக்கு இல்லை.

1938-இல் யாருக்கு என்ன தெரியும் என்பார்கள். சரி. 1942 ஜூலை கடைசியில் காவல்துறைக்குள்ளேயே எழுதப்பட்ட ஓர் அறிக்கை, கிழக்கே அனுப்பப்படும் யூதர்களின் நிலைமை அவ்வளவு கொடூரம், இனி ஆட்களைத் திருப்பி அனுப்புவதை நியாயப்படுத்துவது கடினம் என்றது. இரண்டு வாரம் கழித்து, ஆகஸ்ட் 13 அன்று, எல்லை மூடப்பட்டது. இனத்தின் காரணமாக மட்டும் ஓடி வருபவர்களை அரசியல் அகதிகளாகக் கருத முடியாது என்பது உத்தரவு. ஹிட்லரை எதிர்த்துத் துண்டறிக்கை அடித்தவன் வரலாம். யூதத் தாய்க்குப் பிறந்ததைத் தவிர வேறொன்றும் செய்யாதவன் வரக் கூடாது. காப்பாற்றப்படுவதற்கும் ஒரு தகுதி வேண்டும், பிறந்தது மட்டும் போதாது. இந்த விதியை அவர்கள் முறைப்படி தளர்த்தியது 1944 ஜூலையில். அதற்குள் ஐரோப்பிய யூதர்களில் பெரும்பாலோர் எல்லைக்கு நடந்து வரும் நிலையைத் தாண்டிப் போயிருந்தார்கள்.

1942 ஆகஸ்ட் 30 அன்று நீதித்துறை அமைச்சர் எட்வார்ட் ஃபான் ஸ்டைகர் கிறிஸ்தவ இளைஞர் கூட்டமொன்றில் பேசினார். நெரிசலான சிறு உயிர்காக்கும் படகு ஒன்றையும், காப்பாற்றச் சொல்லி அலறும் ஆயிரக்கணக்கானவர்களையும் உவமையாகச் சொல்லி, எல்லாரையும் ஏற்ற முடியாதவன் கடுமையானவனாகத் தோன்றத்தான் செய்வான் என்று விளக்கினார். கடலே இல்லாத நாட்டின் அமைச்சருக்குப் படகு நினைவு வந்தது ஒரு பக்கம் இருக்கட்டும். கூட்டம் நடந்த இடம் ஓர்லிகான். பீரங்கி ஏற்றிய வண்டிகள் புறப்பட்ட அதே ஓர்லிகான். பீரங்கிக்குப் படகில் எப்போதும் இடம் இருந்தது.

பாசலைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர் ஆல்பர்ட் எரி அடுத்த மாதமே எழுந்து, நம் படகு இன்னும் நிரம்பவே இல்லை என்று சொன்னார். ரோர்ஷாக் என்ற ஊரில் 22 பள்ளிச் சிறுமிகள், நடுங்கும் அகதிகளை மிருகங்களைப் போல எல்லைக்கு அப்பால் தள்ளுகிறீர்களே என்று அரசுக்குக் கடிதம் எழுதினார்கள். அரசு என்ன செய்தது தெரியுமா? விசாரணை வைத்தது. எல்லையில் நடப்பதைப் பற்றி இல்லை, இந்தப் பிள்ளைகளை எழுதத் தூண்டியது யார் என்று. போர் முடிகையில் நாட்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அகதிகளும் அடைக்கலம் பெற்ற வீரர்களும் இருந்தார்கள். படகு மூழ்கவில்லை. எரிக்கும் அந்தச் சிறுமிகளுக்கும் தெரிந்தது அமைச்சருக்குத் தெரியவில்லை.

எல்லையில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் 20,000 பேருக்கும் மேல் என்று பெர்ஜியே ஆணையம் கணக்கிட்டது. இல்லை, அவ்வளவு இருக்காது, அதில் யூதர்கள் இன்னும் குறைவு என்று வாதாடும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். வாதாடட்டும், எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டியதுதான். ஆனால் எண் குறையக் குறைய நிம்மதிப் பெருமூச்சு விடுகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எத்தனை பேரோடு நின்றிருந்தால் உங்களுக்குத் தூக்கம் வரும்? அதையும் சொல்லிவிடுங்கள், பதிவு செய்துகொள்கிறோம்.

ஜெனீவாவில் செஞ்சிலுவைச் சங்கம் இருந்தது. 1942 அக்டோபர் 14 அன்று, நாடுகடத்தல்களையும் கொலைகளையும் கண்டிக்கும் சாயலில் ஒரு பொது வேண்டுகோளை வெளியிடலாமா என்று கூடிப் பேசினார்கள். வரைவு தயாராக இருந்தது. உறுப்பினர்கள் பலர் வெளியிடலாம் என்ற பக்கம். அந்த ஆண்டு நாட்டின் தலைவராக இருந்த ஃபிலிப் எட்டரும் அந்தக் குழுவில் உறுப்பினர். அன்று அவர் வந்திருந்து பேசினார், வேண்டுகோள் மேசைக்குள் போனது. ஊமையாக இருந்ததையும் நடுநிலைக் கணக்கில் எழுதிக்கொண்டார்கள்.

இந்த நாட்டைக் காப்பாற்றியவர் என்று ஒருவரைக் காட்டச் சொன்னால் நான் பால் குரூனிங்கரைக் காட்டுவேன். சங்க்ட் காலன் மாநிலக் காவல்துறைத் தலைவர். 1938 ஆகஸ்டில் எல்லை முதல் முறை மூடப்பட்ட பிறகு வந்த யூதர்களின் தாள்களில், மூடுவதற்கு முந்தைய தேதியைப் போட்டு உள்ளே விட்டார். ஜெர்மனி தங்கக் கட்டியில் பழைய ஆண்டைப் பொறித்தது, இவர் மனிதர்களின் தாளில் பழைய தேதியைப் போட்டார். இரண்டும் பொய் முத்திரைதான். தங்கத்தை வாங்கிய வங்கியாளர்கள் பதவியில் இருந்தார்கள். குரூனிங்கரை 1939-இல் வேலையிலிருந்து விரட்டி, வழக்குப் போட்டு, 300 ஃபிராங்க் அபராதமும் விதித்து, ஓய்வூதியத்தையும் பிடுங்கினார்கள். கிடைத்த வேலையையெல்லாம் செய்து வறுமையிலேயே 1972-இல் செத்தார். நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று அறிவித்தது 1995-இல். சுவிஸ் கடிகாரத்தின் துல்லியத்தை இதற்கு மேல் யாரும் என்னிடம் புகழ வேண்டாம்.

பயத்தை நான் குறை சொல்லவில்லை. ஹிட்லருக்குப் பயப்படாதவன் மடையன். நிலக்கரிக்கு ஜெர்மனியை நம்பியிருந்தார்கள், வயிறு நிறையாத நாடு, பூங்காக்களைக்கூட உழுது உருளைக்கிழங்கு நட்டார்கள். குளிரில் காவல் நின்ற விவசாயியும், அவன் இல்லாமல் மாடு கறந்து வயலை உழுத மனைவியும் மானமாகத்தான் நடந்துகொண்டார்கள். அவளுக்கு நாடு வாக்குரிமை கொடுத்தது 1971-இல் என்பது வேறு கதை. பயந்து பணிந்தவனை மன்னிக்கலாம். பணிந்ததில் லாபம் பார்த்து, லாபத்தை வீரம் என்று எழுதி, அந்த வீரத்துக்கு வைரவிழாவும் எடுத்தவனை என்ன செய்வது?

கணக்கு கேட்க ஆள் வந்தபோது அவனுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! முகாம்களில் செத்தவர்களின் வாரிசுகள், அப்பா போட்டு வைத்த பணம் எங்கே என்று வங்கிக்குப் போனார்கள். இறப்புச் சான்றிதழ் கேட்டது வங்கி. ஆஷ்விட்சில் இறப்புச் சான்றிதழ் கொடுக்கும் சன்னல் எந்தப் பக்கம் இருந்தது என்று வங்கியே சொல்லியிருக்கலாம், அவர்களுடைய வாடிக்கையாளர் நடத்திய இடம்தானே. 1996 டிசம்பர் கடைசி நாளில், பதவிக்காலம் முடிந்து இறங்கும் நாட்டுத் தலைவர் ழான்-பாஸ்கல் தெலாமுராஸ், இழப்பீட்டு நிதி கேட்பதை மிரட்டிப் பணம் பறிப்பது என்று வர்ணித்தார். இரண்டு வாரம் கழிவதற்குள் ஒரு பெரிய வங்கியில் பழைய ஆவணங்கள் தூளாக்கும் இயந்திரத்துக்குப் போகக் காத்திருப்பதை இரவுக் காவலாளி ஒருவர் கண்டெடுத்தார். காவலாளிமேலும் விசாரணை வந்தது. அவர் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குப் போய் அடைக்கலம் தேடினார். சுவிட்சர்லாந்திலிருந்து அகதி! 1998-இல் இரண்டு பெரிய வங்கிகள் 125 கோடி டாலருக்குச் சமாதானம் பேசி முடித்தன.

ஐந்தாம் அரண் இன்னும் நன்றாகவே நிற்கிறது, அவ்வப்போது வெள்ளையடிக்கிறார்கள். 2022-இல் ரஷ்யா உக்ரைன்மேல் பாய்ந்தது. தன்னிடமிருந்த விமான எதிர்ப்பு பீரங்கி வண்டிகளை உக்ரைனுக்குக் கொடுத்த ஜெர்மனி, அவற்றுக்கான சுவிஸ் தயாரிப்புக் குண்டுகளையும் அனுப்ப அனுமதி கேட்டது. பெர்ன் மறுத்தது. நடுநிலைச் சட்டம் இடம் தரவில்லையாம். 1940-இல் ரயில் ரயிலாக அனுப்பியபோது தூங்கிக்கொண்டிருந்த சட்டம் இந்த முறை வரி வரியாகப் படிக்கப்பட்டது. சலித்துப்போன ஜெர்மனியில் அந்தக் குண்டுகளைச் சொந்த மண்ணிலேயே செய்யத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகுதான் பெர்னில் உண்மையான பதற்றம். வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் சுவிஸ் ஆயுதத்தை நம்பி வாங்கத் தயங்குகிறார்கள், தொழில் படுத்துவிடும், ஏற்றுமதி விதிகளைத் தளர்த்தியே ஆக வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் ஒரே பரபரப்பு. குண்டு விழுந்த கீவ் நகரத்துக்காகத் திறக்காத சட்டப்புத்தகம் ஆர்டர் போய்விடும் என்றதும் தானாகத் திறந்துகொண்டது.